பாஸ்வேர்ட் சரி, ஆனாலும் உள்ளே விடாத ஆபீஸ் கம்ப்யூட்டர்: லாகின் பிழைகள் சொல்வது என்ன? சரிசெய்வது எப்படி?

மாதத்தின் 20-ம் தேதி. ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கல் செய்யக் கடைசி நாள். ஒரு நடுத்தர நிறுவனத்தின் அக்கவுண்ட்ஸ் பிரிவு என்று வைத்துக்கொள்வோம். வழக்கமாக அந்த வேலையைப் பார்க்கும் சீனியர் லீவு. வேலைக்குச் சேர்ந்து இரண்டு வாரமே ஆன ஜூனியர், சீனியரின் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து தன் யூசர்நேமையும் பாஸ்வேர்டையும் தட்டுகிறார். 'இந்த முறையில் சைன்-இன் செய்ய அனுமதி இல்லை, நெட்வொர்க் அட்மினிஸ்ட்ரேட்டரைத் தொடர்புகொள்ளவும்' என்ற அர்த்தத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி வருகிறது.

பாஸ்வேர்டில்தான் ஏதோ தப்பு என்று நினைத்து எழுத்துகளை மாற்றி மாற்றித் தட்டிப் பார்க்கிறார். சிறிது நேரத்தில் வேறு வரி வருகிறது: கணக்கு பூட்டப்பட்டுவிட்டது. இப்போது அவருடைய சொந்த கம்ப்யூட்டரிலும் நுழைய முடியாது. ஐடி டீமுக்கு போன் போகிறது. "அண்ணா, ரெண்டு சிஸ்டத்துலயும் லாகின் ஆக மாட்டேங்குது. இன்னிக்கு ஃபைலிங் இருக்கு." மறுமுனையில் பதில்: "டென்ஷன் ஆகாதீங்க, உங்களை அட்மின் குரூப்ல போட்டுடறேன். எல்லாம் ஓப்பன் ஆயிடும்."

இரண்டு நிமிடத்தில் எல்லாம் திறந்துவிடுகிறது. ஃபைலிங்கும் முடிகிறது. ஆனால் அந்த நிறுவனத்தின் உண்மையான ஆபத்து அந்த இரண்டு நிமிடத்தில்தான் தொடங்குகிறது. ஏன் என்று புரிய, முதலில் லாகின் என்பது எப்படி நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

லாகின் என்பது ஒரு கேள்வி அல்ல, இரண்டு கேள்விகள்

நாம் பாஸ்வேர்ட் அடித்ததும் கம்ப்யூட்டர் முதலில் கேட்பது, 'நீங்கள் யார்?' இது அடையாளச் சோதனை. அதில் தேறிய பிறகு இரண்டாவது கேள்வி, 'இந்த கம்ப்யூட்டரில், இந்த வழியாக, இந்த நேரத்தில் உங்களை உள்ளே விடலாமா?' இது அனுமதிச் சோதனை.

ரயிலோடு ஒப்பிட்டால் எளிது. கையில் இருக்கும் டிக்கெட் ஒரிஜினல்தான். ஆனால் அன்ரிசர்வ்டு டிக்கெட்டோடு ஸ்லீப்பர் பெட்டியில் ஏறினால் டிடிஇ இறக்கிவிடுவார். 'டிக்கெட் போலி' என்று அவர் சொல்வதில்லை, 'இந்தப் பெட்டிக்கு இது செல்லாது' என்கிறார். அந்த ஜூனியருக்கு முதலில் வந்த செய்தியும் இதுதான். பாஸ்வேர்ட் சரி என்பதால்தான் அந்தச் செய்தியே வந்தது. அவர் அதை மாற்றி மாற்றித் தட்டியதுதான் கணக்கைப் பூட்டியது.

பெரும்பாலான அலுவலகங்களில் இந்த இரண்டு சோதனைகளுக்கும் பின்னால் இருப்பது மைக்ரோசாஃப்ட்டின் 'ஆக்டிவ் டைரக்டரி'. விண்டோஸ் 2000 உடன் வந்த இது, ஊழியர் கணக்குகள், குழுக்கள், கம்ப்யூட்டர்கள் எல்லாவற்றையும் ஒரே பதிவேட்டில் வைத்திருக்கும். அந்தப் பதிவேட்டை வைத்திருக்கும் சர்வருக்கு 'டொமைன் கன்ட்ரோலர்' என்று பெயர். அடையாளத்தைச் சோதிக்க அது பயன்படுத்தும் முக்கிய முறை 'கெர்பரோஸ்'. 1980-களில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் உருவானது. கிரேக்கக் கதைகளில் பாதாள உலகின் வாசலைக் காக்கும் மூன்று தலை நாயின் பெயர் அது.

உள்ளே நுழையும் வழிகளும் ஒன்று அல்ல. கீபோர்டு முன் நேரடியாக உட்கார்ந்து நுழைவது ஒரு வகை. நெட்வொர்க் வழியாக இன்னொரு கம்ப்யூட்டரின் ஃபோல்டரைத் திறப்பது இன்னொரு வகை. ரிமோட் டெஸ்க்டாப்பில் வருவது மூன்றாவது வகை. ஒவ்வொன்றுக்கும் விண்டோஸில் தனித்தனி அனுமதி உண்டு. 'ஷேர்டு ஃபோல்டர் திறக்குது, ஆனா ரிமோட்ல வர முடியலை' என்பது குழப்பமான விஷயம் அல்ல. ஒரு வாசல் திறந்திருக்கிறது, இன்னொன்று மூடியிருக்கிறது, அவ்வளவுதான்.

எந்தச் செய்திக்கு என்ன அர்த்தம்?

'சைன்-இன் மெத்தட் இஸ்ன்ட் அலவ்டு': பாஸ்வேர்ட் சரி. ஆனால் இந்த கம்ப்யூட்டரில் நேரடியாக உட்கார்ந்து நுழையும் உரிமை இல்லை. சர்வர்களிலும், சம்பளக் கணக்கு போன்ற முக்கியமான கம்ப்யூட்டர்களிலும் இது வேண்டுமென்றே வைக்கப்பட்டிருக்கலாம். டொமைன் கன்ட்ரோலரில் சாதாரண ஊழியர் நேரடியாக நுழைய முடியாது என்பது இயல்பான அமைப்பே.

'ரைட் டு சைன் இன் த்ரூ ரிமோட் டெஸ்க்டாப்': ரிமோட் வாசலுக்கு அனுமதி இல்லை. அந்த கம்ப்யூட்டரின் 'ரிமோட் டெஸ்க்டாப் யூசர்ஸ்' குழுவில் பெயர் இருக்கிறதா என்று அட்மின் பார்க்க வேண்டும்.

'அக்கவுண்ட் இஸ் லாக்டு அவுட்': தவறான பாஸ்வேர்ட் பலமுறை போனதால் கணக்கு பூட்டப்பட்டிருக்கிறது. எத்தனை முறை, எத்தனை நிமிடம் என்பதை அலுவலகம் தீர்மானிக்கும். நீங்கள் தட்டாமலே பூட்டு விழுந்தால், எப்போதோ சேமித்த பழைய பாஸ்வேர்டோடு வேறு ஏதோ ஒன்று கதவைத் தட்டிக்கொண்டிருக்கலாம். அது ஆபீஸ் மெயில் வைத்த மொபைலாக இருக்கலாம், சைன்-அவுட் செய்யாமல் விட்ட ரிமோட் டெஸ்க்டாப்பாகவும் இருக்கலாம்.

'டைம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்': இந்த நேரத்தில் லாகின் செய்ய உங்கள் கணக்குக்கு அனுமதி இல்லை. ஷிஃப்ட் மாறியவர்களுக்கும், விடுமுறை நாளில் வேலைக்கு வந்தவர்களுக்கும் வரும்.

'ட்ரஸ்ட் ரிலேஷன்ஷிப் ஃபெயில்டு': இது ஊழியரின் தப்பே இல்லை. டொமைனில் சேர்ந்த ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் நம்மைப் போலவே ஒரு கணக்கும் பாஸ்வேர்டும் உண்டு. இயல்பாக 30 நாளுக்கு ஒருமுறை கம்ப்யூட்டரே அதை மாற்றிக்கொள்ளும். பழைய பேக்கப்பிலிருந்து கம்ப்யூட்டரை மீட்டெடுத்தால், அதனிடம் பழைய பாஸ்வேர்ட், சர்வரிடம் புதிய பாஸ்வேர்ட் என்று ஆகிவிடும். அப்போது சர்வர் அந்த கம்ப்யூட்டரையே நம்ப மறுக்கிறது.

இவை தவிர, செய்தியைப் பார்த்தால் புரியாத இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, கடிகாரம். கம்ப்யூட்டரின் நேரமும் சர்வரின் நேரமும் 5 நிமிடத்துக்கு மேல் வேறுபட்டால், இயல்பான அமைப்பில் கெர்பரோஸ் ஏற்காது. பழைய கம்ப்யூட்டரின் மதர்போர்டில் உள்ள சிறு பட்டன் பேட்டரி தீர்ந்தால், ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் தேதி பல வருடம் பின்னால் போகும். இரண்டாவது, டிஎன்எஸ். 'இன்டர்நெட் வேகமா வரும்' என்று யாராவது டிஎன்எஸ் முகவரியை 8.8.8.8 என்று மாற்றியிருந்தால் இன்டர்நெட் வரும், டொமைன் கன்ட்ரோலர் எங்கே இருக்கிறது என்பது மட்டும் கம்ப்யூட்டருக்குத் தெரியாது.

சரிசெய்வது எப்படி? ஊழியர் செய்ய வேண்டியது

முதலில், ஒரே பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்ப அடிப்பதை நிறுத்துங்கள். இரண்டாவது முறையும் தோற்றால் கையை எடுத்துவிடுங்கள். திரையில் வந்த வரியை மொபைலில் போட்டோ எடுங்கள். 'லாகின் ஆகலை' என்ற தகவலைவிட அந்த ஒரு போட்டோ ஐடி டீமுக்கு அரை மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

லாகின் திரையில் யூசர்நேமுக்குக் கீழே 'சைன்-இன் டு' என்று இருக்கும் இடத்தில் உங்கள் நிறுவன டொமைனின் பெயர் இருக்கிறதா, அல்லது அந்த கம்ப்யூட்டரின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். கம்ப்யூட்டர் பெயர் இருந்தால், அது உங்கள் கணக்கை அந்த கம்ப்யூட்டருக்குள்ளேயே தேடிக்கொண்டிருக்கிறது. கேப்ஸ் லாக், கீபோர்டு மொழி, திரையின் ஓரத்தில் தெரியும் தேதி-நேரம், நெட்வொர்க் கேபிள் ஆகியவற்றையும் ஒருமுறை சரிபாருங்கள். பக்கத்து சீட் கம்ப்யூட்டரில் உங்கள் லாகின் வேலை செய்கிறதா என்பதும் முக்கியமான தகவல். அங்கே வேலை செய்தால் கணக்கில் கோளாறு இல்லை, இந்த கம்ப்யூட்டரில்தான் விஷயம் இருக்கிறது.

ஒரு விஷயத்தை மட்டும் செய்யக் கூடாது: 'என் லாகின்ல பண்ணிக்கோ' என்று சக ஊழியர் கொடுக்கும் பாஸ்வேர்டை வாங்குவது. நாளை ஒரு ஃபைல் அழிந்தாலோ, தவறான தொகை போனாலோ பதிவில் இருப்பது அவர் பெயர்தான்.

சரிசெய்வது எப்படி? அட்மின் செய்ய வேண்டியது

ஊகத்தில் தொடங்காமல் பதிவில் தொடங்குவது நல்லது. தோல்வியடைந்த கம்ப்யூட்டரின் ஈவென்ட் வியூவரில், செக்யூரிட்டி பகுதியில், தோற்ற லாகின்கள் 4625 என்ற எண்ணில் பதிவாகும். அதில் 'சப் ஸ்டேட்டஸ்' அல்லது 'ஸ்டேட்டஸ்' என்று ஒரு நீளமான குறியீடு இருக்கும். அது 64 என முடிந்தால் அப்படி ஒரு யூசரே இல்லை. 6ஏ என முடிந்தால் பாஸ்வேர்ட் தவறு. 72 என்றால் கணக்கு முடக்கப்பட்டிருக்கிறது. 234 என்றால் பூட்டப்பட்டிருக்கிறது. 133 என்றால் கடிகாரக் கோளாறு. 15பி என்றால் இந்த வழியாக நுழையும் உரிமை இல்லை. அதே பதிவில் 'லாகான் டைப்' 2 என்றிருந்தால் நேரடியாக, 3 என்றால் நெட்வொர்க் வழியாக, 10 என்றால் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக நுழைய முயன்றிருக்கிறார்.

கணக்கு அடிக்கடி பூட்டிக்கொண்டால், டொமைன் கன்ட்ரோலரில் 4740 என்ற பதிவைத் தேட வேண்டும். எந்த கம்ப்யூட்டரிலிருந்து தவறான முயற்சி வந்தது என்பது அதில் இருக்கும். காரணத்தைக் கண்டுபிடிக்காமல் பூட்டை மட்டும் திறந்துகொண்டிருந்தால், மதியத்துக்குள் மறுபடி பூட்டிக்கொள்ளும்.

உரிமைதான் பிரச்சினை என்றால், 'லோக்கல் செக்யூரிட்டி பாலிசி'யில் 'யூசர் ரைட்ஸ் அசைன்மென்ட்' பகுதிக்குப் போக வேண்டும். அங்கே 'அலவ் லாக் ஆன் லோக்கலி' என்ற பட்டியலும், 'டினை லாக் ஆன் லோக்கலி' என்ற பட்டியலும் இருக்கும். இங்கே மூன்று பொறிகள் உண்டு.

முதல் பொறி: இரண்டு பட்டியலிலும் ஒருவர் பெயர் இருந்தால் 'டினை'தான் ஜெயிக்கும். ஊழியர்களைத் தடுக்கிறேன் என்று 'டொமைன் யூசர்ஸ்' குழுவை 'டினை' பட்டியலில் போட்டால், வழக்கமாக அட்மின்களும் அந்தக் குழுவில் இருப்பதால் அவர்களும் வெளியே நிற்க வேண்டியதுதான்.

இரண்டாவது: பட்டியலில் சேர்க்கும் பட்டன் மங்கலாக, அழுத்த முடியாமல் இருந்தால், அந்த அமைப்பு சர்வரிலிருந்து 'குரூப் பாலிசி' வழியாக வருகிறது என்று அர்த்தம். அங்கேதான் மாற்ற வேண்டும். குரூப் பாலிசியில் எழுதும் பட்டியல், கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருந்த பட்டியலோடு சேராது. அதை அழித்துவிட்டு அந்த இடத்தில் உட்காரும். ஒரு புதிய குழுவை மட்டும் எழுதினால் பழைய ஊழியர்கள் எல்லோரும் ஒரே நாளில் வெளியே நிற்பார்கள்.

மூன்றாவது: மாற்றம் உடனே வராது. குரூப் பாலிசி பின்னணியில் இயல்பாக 90 நிமிடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும். அதோடு 30 நிமிடம் வரை கூடுதலாகலாம். ஜிபி-அப்டேட் கட்டளை கொடுத்தால் காத்திருக்க வேண்டாம். ஏற்கெனவே லாகின் செய்திருப்பவரைப் புதிய குழுவில் சேர்த்தால், அவர் சைன்-அவுட் செய்து திரும்ப உள்ளே வர வேண்டும். 'குரூப்ல சேர்த்துட்டேனே, ஏன் இன்னும் வரலை?' என்ற கேள்விக்குப் பெரும்பாலும் இதுதான் பதில்.

ட்ரஸ்ட் உடைந்த கம்ப்யூட்டர் என்றால், அதன் லோக்கல் அட்மின் கணக்கில் நுழைந்து, பவர்ஷெல்லில் டெஸ்ட்-கம்ப்யூட்டர்-செக்யூர்-சேனல் கட்டளையை 'ரிப்பேர்' தேர்வோடு கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆகவில்லை என்றால் டொமைனிலிருந்து நீக்கி மறுபடி சேர்க்க வேண்டும். லோக்கல் அட்மின் பாஸ்வேர்ட் யாருக்கும் தெரியாத அலுவலகங்களில்தான் இது பெரிய தலைவலி. அதை ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் தனித்தனியாக, தானாக மாற்றிப் பாதுகாக்கும் 'லாப்ஸ்' வசதியை 2023 ஏப்ரல் அப்டேட் முதல் விண்டோஸிலேயே மைக்ரோசாஃப்ட் சேர்த்திருக்கிறது.

சர்வரே இல்லாத சின்ன ஆபீஸ் என்றால்?

நான்கைந்து கம்ப்யூட்டர், ஒன்றில் டேலி டேட்டா, மற்றவை அதை ஷேர்டு ஃபோல்டராகத் திறக்கும். இப்படிப்பட்ட அலுவலகங்களில் டொமைன் இருக்காது. 'நெட்வொர்க் கிரெடென்ஷியல்ஸ்' கேட்டு ஒரு பெட்டி வரும், எதைக் கொடுத்தாலும் ஏற்காது. பொதுவான காரணங்கள் மூன்று.

ஒன்று, தினமும் கம்ப்யூட்டரைத் திறக்கும் பின் நம்பரையே அங்கேயும் கொடுப்பது. விண்டோஸ் பின் அந்த ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டுமே சொந்தம், நெட்வொர்க்கில் அது செல்லாது. இரண்டு, பாஸ்வேர்டே இல்லாத கணக்கு. வெற்று பாஸ்வேர்ட் கொண்ட கணக்கை நெட்வொர்க் வழியாக விண்டோஸ் இயல்பாகவே அனுமதிக்காது. மூன்று, 'கெஸ்ட்' முறையில் பாஸ்வேர்ட் இல்லாமல் திறந்துகொண்டிருந்த ஃபோல்டர். விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பில், ப்ரோ கம்ப்யூட்டர்களிலும் இந்த வழி இயல்பாக மூடப்பட்டுவிட்டது. 'நேத்து வரைக்கும் வந்துச்சு, அப்டேட் போட்டதும் போச்சு' என்ற புகாருக்குப் பின்னால் இது இருக்கலாம்.

தீர்வு எளிது. ஃபோல்டர் இருக்கும் கம்ப்யூட்டரில் ஒவ்வொருவருக்கும் பாஸ்வேர்டோடு ஒரு சாதாரண கணக்கு உருவாக்குங்கள். ஃபோல்டரில் 'ஷேரிங்', 'செக்யூரிட்டி' என்ற இரண்டு இடத்திலும் அனுமதி கொடுங்கள். இரண்டில் எது கடுமையானதோ அதுதான் செல்லும். ஒன்றில் மட்டும் கொடுத்துவிட்டு 'ஆக்சஸ் டினைட்' வருகிறதே என்று தேடுபவர்கள் அதிகம். கடைசியாக, திறக்க முயலும் கம்ப்யூட்டரின் 'கிரெடென்ஷியல் மேனேஜ'ரில் தங்கியிருக்கும் பழைய பாஸ்வேர்டை நீக்குங்கள்.

'அட்மின் குரூப்ல போட்டுடறேன்' ஏன் ஆபத்து?

இப்போது அந்த ஐடி அண்ணாவின் இரண்டு நிமிடத் தீர்வுக்கு வரலாம். அது வேலை செய்யும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் டொமைன் அட்மின் ஆன ஜூனியர் ஒரு போலி மெயிலின் இணைப்பைத் திறந்தால், உள்ளே வரும் வைரஸுக்கும் அதே அதிகாரம் கிடைக்கிறது.

இது எந்த அளவுக்குப் போகும் என்பதற்கு 2017 ஜூன் 27 உதாரணம். உக்ரைனில் பலரும் பயன்படுத்திய ஒரு கணக்கு மென்பொருளின் அப்டேட் வழியாக 'நாட்பெட்யா' என்ற தாக்குதல் பரவியது. விண்டோஸில் இருந்த ஓட்டையை அது பயன்படுத்தியது. அதோடு, ஒரு கம்ப்யூட்டரின் மெமரியில் தங்கியிருக்கும் லாகின் விவரங்களைத் திருடி, அதே அதிகாரத்தோடு அடுத்த கம்ப்யூட்டருக்குத் தாவியது. ஓட்டையை அடைத்திருந்த கம்ப்யூட்டர்களும் இதனால் விழுந்தன.

டென்மார்க்கின் கப்பல் நிறுவனமான மெர்ஸ்க் இதில் சிக்கியது. 4,000 சர்வர்களையும் 45,000 கம்ப்யூட்டர்களையும் 10 நாளில் புதிதாக நிறுவ வேண்டியிருந்ததாக அதன் தலைவர் 2018-ல் டாவோஸ் கூட்டத்தில் சொன்னார். இழப்பு 20 கோடி முதல் 30 கோடி டாலர் வரை இருக்கும் என்று நிறுவனம் அறிவித்திருந்தது.

அதன் டொமைன் கன்ட்ரோலர்கள் கிட்டத்தட்ட எல்லாமே அழிந்தன. யாருக்கு என்ன அனுமதி என்ற பதிவேடே போய்விட்டது. வயர்டு இதழ் 2018-ல் வெளியிட்ட விரிவான கட்டுரையின்படி, தப்பியது ஒன்றே ஒன்று. அது கானா நாட்டு அலுவலகத்தில் இருந்தது. தாக்குதல் நேரத்தில் அங்கே கரண்ட் கட். அதனால் நெட்வொர்க்கில் இல்லாமல் போய் உயிர் பிழைத்தது. அந்தத் தகவலை ஊழியர்கள் விமானத்தில் கைமாற்றி இங்கிலாந்துக்குக் கொண்டுபோய்த்தான் மீட்புப் பணியே நடந்தது.

நம்ம ஊர் ஆபீஸில் 60 கம்ப்யூட்டர்தான் இருக்கும். ஆனால் கணக்கு ஒன்றுதான். ஒருவருக்குத் தேவைக்கு மேல் கொடுத்த ஒவ்வொரு அனுமதியும், உள்ளே வரும் திருடனுக்கும் சேர்த்துக் கொடுத்த அனுமதி.

அப்படியானால் அந்த 20-ம் தேதி என்ன செய்திருக்க வேண்டும்?

ஜூனியர் முதல் செய்தியையே போட்டோ எடுத்து அனுப்பியிருந்தால், பூட்டு விழுந்தே இருக்காது. ஐடி டீம் 4625 பதிவைத் திறந்து, 15பி என்று பார்த்து, அந்த கம்ப்யூட்டரில் நுழைய அனுமதி உள்ள அக்கவுண்ட்ஸ் குழுவில் அவர் பெயர் இல்லை என்று கண்டுபிடித்திருக்கும். பிரிவுத் தலைவரிடம் ஒரு மெயில் ஒப்புதல், குழுவில் ஒரு பெயர் சேர்ப்பு, மறுபடி ஒரு லாகின். பத்து நிமிட வேலை.

இரண்டு நிமிடத் தீர்வைவிட எட்டு நிமிடம் அதிகம்தான். ஆனால் அந்த ஜூனியர் அடுத்த மாதம் வேறு பிரிவுக்கு மாறினால், அந்தக் குழுவிலிருந்து பெயரை எடுத்தால் போதும். அட்மின் குழுவில் போட்ட பெயரை யார் எப்போது எடுப்பார்கள்? உங்கள் அலுவலகத்தின் அட்மின் குழுவில் இன்று எத்தனை பெயர் இருக்கிறது, அதில் எத்தனை பேர் இன்னும் அங்கே வேலை செய்கிறார்கள் என்று ஐடி டீமிடம் கேட்டுப் பாருங்கள்.